பட்டமும் பிணையும்: தொலைவழி இறையியல் கல்வி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

கிராமச் சேகரம் ஒன்றில் ஊழியம் செய்யும் ஆயர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். வீட்டிலிருந்தே பயின்று ஈராண்டுகளில் இறையியல் முனைவர் பட்டம் பெறலாம் என்று வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவருக்கு அறிவித்திருந்தது. கட்டணம் அவருடைய நான்கு மாதச் சம்பளம். எந்த அரசும் எந்தத் திருச்சபைக் கல்வி அமைப்பும் அந்நிறுவனத்தை அங்கீகரிக்கவில்லை என்பதை அவரே விசாரித்து அறிந்திருந்தார். எனினும், பாடங்கள் நல்லவையாகத் தோன்றுகின்றனவே, சேகரத்தை விட்டுக் கல்லூரிக்குச் செல்லவும் வழியில்லையே, சேரலாமா என்பது அவர் கேள்வி.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. நம் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய விண்ணப்பப் படிவம் ஒன்றை நாமே நிரப்பி, அஞ்சலில் சேர்ப்பதா வேண்டாமா என்று பல நாள் மேசை அறையில் வைத்திருந்ததுண்டு. ஆகவே உடனே விடை கூறாமல், திருச்சபை வரலாறு இதில் என்ன கற்பிக்கிறது என்று அவரோடு சேர்ந்து ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியின் சுருக்கமே இக்கட்டுரை.

1. மூடிய வாசல்

பட்டமின்றி ஊழியம் செய்ய இயலுமா என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை உண்டு. 1733ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியச் சீர்திருத்தத் திருச்சபைகளின் முதல் இந்தியக் குரு. அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரியும் அல்லர். உபதேசியாராக உழைத்துப் பெற்ற தேர்ச்சியும், மிஷனெரிமாரின் சோதனையும், சபையாரின் சாட்சியுமே அவருக்குத் தகுதியாயின.

இங்கிலாந்திலோ நிலைமை வேறு. அங்குப் பட்டம் வழங்கிவந்த ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும், அரசுத் திருச்சபையைச் சாராதோர்க்குப் பட்டத்தின் வாசலை மூடி வைத்திருந்தன. இத்தடை 1850களில் ஓரளவு தளர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெரும்பாலும் நீங்கிற்று. அதுவரை பாப்திஸ்து, காங்கிரிகேஷனல் முதலிய சபையார் தங்களுக்கெனக் கல்விக்கழகங்கள் நடத்தினர். அவற்றுட் சில சிறந்த கல்வியை அளித்தன. ஆனால் பட்டம் வழங்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. கல்வி உண்டு, அங்கீகாரம் இல்லை என்ற நிலை புதிதன்று. நம் முன்னோர் அதில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். அங்கீகாரம் இல்லாத இடத்தில் கல்வியும் இராது என்று நாம் சொல்லத் துணியலாகாது.

2. சாசனமும் காத்திருப்பும்

செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து ஊழியத்துக்கு வந்த வில்லியம் கேரி ஒரு பாப்திஸ்து. 1807இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கியது. அது அவர் செய்து முடித்த பணிக்காக அளிக்கப்பட்ட கௌரவப் பட்டம். கற்றுத் தேறிய பட்டம் என்று எவரும் அதைக் கருதவில்லை.

கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினர். அவ்வூர் அப்போது, நம் தரங்கம்பாடியைப் போலவே, டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை அரச சாசனத்தினால் அளித்தார். தாய்நாட்டில் வாசல் மூடப்பட்டவர்கள் அயல்நாட்டு அரசரிடம் அதைத் திறந்துகொண்டனர் எனலாம். 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும், கல்லூரியின் உரிமைகள் உடன்படிக்கையில் பாதுகாக்கப்பட்டன.

ஆயினும் சாசனத்தின்படி முதல் இறையியல் இளநிலைப் பட்டங்கள் வழங்கப்பட்டது 1915இல்தான். எண்பத்தெட்டு ஆண்டுகள்! இது முழுவதும் திட்டமிட்ட பொறுமை என்று சொல்ல முடியாது. பணமும் ஆட்களும் குறைந்திருந்த காலங்கள் பல. எனினும், கையில் அரச முத்திரை இருந்தும், பட்டத்தை விற்று அவர்கள் பணம் திரட்டவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. பின்னர் 1918ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் சாசனத்தின் உரிமைகளை உறுதிப்படுத்தி, பல சபைகளும் பங்குகொள்ளும் செனட் அமைய வழிவகுத்தது. இன்று நம் கல்லூரிகள் பலவற்றின் பட்டங்கள் அந்த செனட்டின் பெயரால் வழங்கப்படுகின்றன.

3. தொலைவு குற்றமன்று

தொலைவிலிருந்து கற்பதே தாழ்ந்தது என்ற எண்ணமும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1858ஆம் ஆண்டின் சாசனத்தினால் லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை, எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர்க்கும் திறந்துவிட்டது. மாணவன் எங்கே அமர்ந்து படித்தான் என்று அது கேட்கவில்லை. தேர்வில் தேறினானா என்று மட்டுமே கேட்டது. அதன் பட்டம் உலகெங்கும் மதிக்கப்பட்டமைக்குக் காரணம் அத்தேர்வின் கடுமையே.

இதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1874 முதல், நேரில் வந்து பயிலாதவர்க்கு முனைவர் பட்டம் வரை வழங்கிவந்தது. பயின்றோரில் போதகர்கள் பலர். அது சட்டப்படி அமைந்த மெதடிஸ்து நிறுவனமே; தேர்வுகளும் நடத்திற்று. ஆயினும் ஏனைய கல்வியாளரின் ஐயமும் கண்டனமும் வலுத்தமையால், 1910ஆம் ஆண்டளவில் அம்முறையைக் கைவிட்டது. ஒரு பட்டத்தை வழங்குபவர் மட்டும் மதித்தாற் போதாது, உடன் கற்பிப்போரும் மதிக்கவேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1963இல் குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பித்தேரியன் இறையியல் கல்லூரி வேறொரு வழியைக் கண்டது. சபைகளை உண்மையில் நடத்திவந்த மூத்தோர், குடும்பத்தையும் தொழிலையும் விட்டுக் கல்லூரிக்கு வர இயலவில்லை. ஆகவே கல்லூரி அவர்களிடம் சென்றது. வீட்டில் தாமே பயிலப் பாடநூல், சபையில் அன்றாட ஊழியம், குறித்த நாளில் ஆசிரியரோடு கூடுகை என்ற மூன்றும் அதில் இணைந்தன. இந்தியாவிலும் 1971இல் இவ்விரிவாக்கக் கல்விக்கெனப் பெங்களூரில் ஒரு கழகம் தோன்றிற்று. கூடுகையே இம்முறையின் முதுகெலும்பு. அது இல்லையேல் எஞ்சுவது அஞ்சலில் வந்த நூல் மட்டுமே.

4. பிணை நிற்பவர் யார்?

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது ஒன்று: கல்வி வேறு, பட்டம் வேறு. கல்வி கற்பவனுக்கு உரியது. பட்டமோ, அவனைப் பற்றிப் பிறருக்குக் கூறப்படும் சாட்சி. சாட்சிக்குப் பிணை வேண்டும். செராம்பூருக்குச் சாசனமும் செனட்டும் பிணை. லண்டனுக்குத் தேர்வு பிணை. ஆரோனுக்குச் சபையே பிணை.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டென வரையறுத்துள்ளது. இதற்கு வேறாக, 1970இல் தோன்றிய ஆசிய இறையியல் கழகம் போன்ற அமைப்புகள் இறையியல் கல்விக்கூடங்களைச் சோதித்துத் தரச்சான்று அளிக்கின்றன. அது அரசின் அங்கீகாரம் அன்று. எனினும் உடன் கற்பிப்போரின் பிணை என்ற அளவில் மதிக்கத்தக்கது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில், பட்டம் தனக்குத் தானே சாட்சி கூறிக்கொள்கிறது.

ஆகவே அவ்வாயரிடம் மூன்று கேள்விகளை முன்வைத்தோம். உம்முடைய கட்டுரையைப் படித்துத் திருத்தி, தேவையானால் தேறவில்லை என்று சொல்லக்கூடிய ஆசிரியர் அங்கே உண்டா? அப்பட்டத்தை உம்முடைய திருமண்டலமும் நம் கல்லூரிகளும் ஏற்குமா? திருநாள் அழைப்பிதழில் உம் பெயருக்கு முன் முனைவர் என்று அச்சிட்டால், அதைப் படிக்கும் சபையார் எதை நம்புவர். அவர்கள் நம்புவது மெய்யாயிருக்குமா?

முதற்கேள்விக்கு அவர் விடை தேடவேண்டியிருந்தது. இரண்டாவதற்கு இல்லை என்றார். மூன்றாவதற்கு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் சபையில் மூட்டை சுமந்து மகனைக் கல்லூரியில் படிக்கவைக்கும் ஒருவரைக் குறிப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பிரசங்கிக்க வேண்டுமே என்றார்.

படிப்பைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. சிறையிலிருந்த பவுல் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்டனுப்பினார். கற்கும் தாகம் ஊழியனுக்கு இறுதிவரை உரியது. நான்கு மாதச் சம்பளத்தில் நல்ல விளக்கவுரைகள் வாங்கலாம். செனட்டின் வெளிநிலைப் பாடங்களில் சேரலாம். அருகிலுள்ள ஆயர்கள் நால்வர் மாதமொருமுறை கூடிப் படிக்கலாம். அந்நிறுவனத்தின் பாடங்களே வேண்டுமென்றால் அவற்றையும் பயிலலாம். ஆனால் அது தரும் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கலாகாது.

நம் மாணவர்க்கும் இதையே கூறுகிறோம். சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டே எண்பத்தெட்டு ஆண்டுகள் பட்டம் வழங்காதிருந்த ஒரு கல்லூரியின் வழிவந்தவர்கள் நாம். சாசனமே இல்லாத பட்டத்துக்கு நாம் விரைய வேண்டியதில்லை.