கடல் நுண்நத்தைச் சேகரிப்புகள்

வளர்ந்து முடிந்த பிறகும் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாத கடல் நத்தைகளின் ஓடுகளையும், கிடைத்தால் உடல்களையும், அருங்காட்சியகங்கள் சேர்த்துக் காத்துவரும் தொகுதிகள் இவை. பாசியிலும் பாறையிடுக்கிலும் வாழும் ரிசோயிடே, பிற விலங்குகளின் உடற்சாற்றை உறிஞ்சி வாழும் பிரமிடெல்லிடே, யூலிமிடே, ஓட்டின் விளிம்பில் ஒரு பிளவு கொண்ட ஸ்கிசுரெல்லிடே முதலான குடும்பங்கள் இவற்றில் மிகுதி. கடற்பஞ்சைத் தின்று வாழும் டிரிஃபோரிடே குடும்பத்தின் ஓடுகள் பெரும்பாலும் வலம்புரிச் சங்கின் திசையில் சுருள்கின்றன. சங்கில் இலட்சத்தில் ஒன்றாகத் தேடப்படுவது இங்கே பொது விதி. அம்மோனிசெரா பேரினத்தில் சில சிற்றினங்கள் அரை மில்லிமீட்டர் அகலத்திலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடுகின்றன.

இந்த நத்தைகளில் பலவற்றை உயிரோடு எவரும் பார்த்ததில்லை. கடலடி மணலிலிருந்து அரித்தெடுத்த வெற்று ஓடுகளே அவை இருப்பதற்கான முழுச் சான்று. சிலவற்றுக்கு ஒரே ஓடுதான் சான்று. ஆகவே இவற்றைப் பற்றிய அறிவின் வரலாறு கடலில் எவ்வளவு நடந்ததோ அவ்வளவு அருங்காட்சியக இழுப்பறைகளிலும் நடந்தது. எந்தச் சல்லடையில் அரித்தார்கள், எந்தக் குப்பியில் இட்டார்கள், உடன் வைத்த சீட்டில் என்ன எழுதினார்கள் என்ற மூன்றும் அந்த அறிவின் எல்லையை வகுத்தன.

கரை மணலில் தொடக்கம்

இத்தாலியில் ரிமினி நகர மருத்துவர் ஜியோவன்னி பியாங்கி, யானுஸ் பிளாங்குஸ் என்ற புனைபெயரில் 1739-இல் வெளியிட்ட நூல், கடற்கரை மணலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்று. அவர் கண்ட சுருள்களில் பல நத்தைகளே அல்ல. பிற்காலத்தில் ஃபோரமினிஃபெரா என்று பிரிக்கப்பட்ட ஒருசெல் உயிரிகளின் கூடுகள். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், சாண்ட்விச் ஊர் அறுவை மருத்துவர் வில்லியம் பாய்ஸும் ஜார்ஜ் வாக்கரும் 1784-இல் அவ்வூர் மணலில் கிடைத்த நுண்ணோடுகளுக்கென்றே தனி நூல் கொண்டுவந்தார்கள். அதிலும் இந்தக் கலப்பு உண்டு. அக்காலத்து உருப்பெருக்கிகளால் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

நிலையான அடித்தளம் இட்டவர் ஜார்ஜ் மாண்டேகு. படை அதிகாரியாக இருந்து டெவனில் குடியேறிய இவர் 1803-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஓடுகள் பற்றிய நூல், இன்றும் செல்லுபடியாகும் பல நுண்நத்தைப் பெயர்களின் பிறப்பிடம். அவருடைய ஓடுகள் எக்ஸிட்டர் நகரின் ராயல் ஆல்பர்ட் நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ‘இதுதான்’ என்று குறித்த அதே ஓட்டை இன்று எடுத்துப் பார்க்க முடிவது, அவர் எழுதிய வருணனையைவிடப் பெரிய கொடை. ஒரு மில்லிமீட்டர் ஓட்டைப் பற்றிய சொற்கள் பத்துச் சிற்றினங்களுக்குப் பொருந்திவிடக்கூடும்.

ஆழ்கடலும் ஜெஃப்ரீஸும்

1841-42இல் ஈஜியன் கடலில் சுரண்டுவலை போட்டுப் பார்த்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைவதைக் கண்டு, சுமார் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது 550 மீட்டர் ஆழத்துக்கு அப்பால், உயிரே இராது என்று கருதினார். இக்கருத்து உடைந்ததில் சிறு ஓடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1869-இல் ‘போர்க்குப்பைன்’ கப்பல் பிஸ்கே விரிகுடாவில் 2,435 பாக ஆழத்திலிருந்து உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அக்கப்பலின் பயணங்களில் சிலவற்றுக்கு அறிவியல் பொறுப்பேற்றவர் ஜான் க்வின் ஜெஃப்ரீஸ் (1809-1885).

ஸ்வான்சீயில் பிறந்து சட்டத்துறையில் இருந்த ஜெஃப்ரீஸ், ஓடுகளுக்காகவே தம் காலத்தையும் பணத்தையும் கொடுத்தவர். 1862 முதல் 1869 வரை ஐந்து தொகுதிகளாக வந்த அவருடைய பிரிட்டிஷ் ஓட்டியல் நூல் நெடுங்காலம் முதன்மை நூலாக நின்றது. ஷெட்லாந்து தீவுகளில் தாமே சுரண்டுவலை இழுத்தார். நார்வேயிலும் இத்தாலியிலும் இருந்த அறிஞர்களோடு ஓடுகளைப் பரிமாறிக்கொண்டார். இதனால் அவர் சேகரிப்பு ஒரு தனி மனிதரின் தொகுப்பாக நிற்கவில்லை. வட அட்லாண்டிக் நத்தைகளுக்குப் பெயர் வைத்த பலரின் கைப்பொருள்கள் அதில் வந்து சேர்ந்தன.

அந்தச் சேகரிப்பை 1883-இல் அவர் அமெரிக்காவுக்கு விற்றார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் இயங்கிய தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கியது. அங்கே மெல்லுடலிகளுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் ஹீலி டாலுக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது. ஆழ்கடல் பயணப் பொருள்களில் ஒரு பகுதி லண்டனில் தங்கியது. ஐரோப்பியக் கடல் நத்தை ஒன்றின் மூல மாதிரியைப் பார்க்க விரும்பியவர் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தேட வேண்டியதாயிற்று. ஜெஃப்ரீஸ் பெயரிட்ட சிற்றினங்களின் வகைமாதிரிகள், அதாவது அப்பெயர்களுக்கு ஆதாரமான மூல ஓடுகள், எங்கெங்கே இருக்கின்றன என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆண்டர்ஸ் வாரேன் 1980-இல் பட்டியலிட்டு வெளியிட்டார். விற்பனைக்கும் பட்டியலுக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஐரோப்பாவில் எழுதியவர்களுள் பலர் மூல ஓட்டைக் காணாமலே பெயர்களைக் கையாண்டார்கள். இந்தத் துறையின் குழப்பங்கள் பலவற்றுக்கு இதுவே வேர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த ‘சேலஞ்சர்’ பயணத்தின் நத்தைகளை, மடீராவில் போதகராக இருந்த ராபர்ட் பூக் வாட்சன் ஆராய்ந்து 1886-இல் அறிக்கை வெளியிட்டார். அவற்றின் வகைமாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அமெரிக்கக் கப்பல்களான ‘பிளேக்’, ‘ஆல்பட்ராஸ்’ ஆகியவற்றின் சேகரிப்புகள் டாலின் கைக்கு வந்தன. அவரும் பால் பார்ட்ஷும் 1909-இல் அமெரிக்க மேற்குக் கரையின் பிரமிடெல்லிடே குடும்பம் பற்றித் தனிப்பெரும் நூல் எழுதினார்கள். பார்ட்ஷ் சிறு வேறுபாட்டுக்கும் புதுப் பெயர் சூட்டியவர். அப்பெயர்கள் பல பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஆனால் ஓடுகள் பத்திரமாக இருந்ததால்தான் அந்தத் திருத்தமும் முடிந்தது. டச்சுக்காரர்களின் ‘சிபோகா’ பயணம் (1899-1900) இந்தோனேசியக் கடல்களிலிருந்து கொண்டுவந்தவை ஆம்ஸ்டர்டாமில் இருந்து, இன்று லெய்டன் நகரின் நாச்சுராலிஸ் மையத்தில் உள்ளன.

இந்தியப் பெருங்கடலின் பங்கு

பாரசீக வளைகுடாவிலும் ஓமான் வளைகுடாவிலும் கடலடித் தந்திக் கம்பிகளைப் பழுதுபார்த்த கப்பலின் தலைவர் எஃப். டபிள்யூ. டவுன்சென்ட், பணிக்கிடையே கடலடி மணலைச் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தார். ஜேம்ஸ் காஸ்மோ மெல்வில்லும், மான்செஸ்டர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டாண்டனும் அவற்றைப் பிரித்து ஆராய்ந்து, 1903-இல் மட்டும் ஒரே கட்டுரையில் 68 புதிய நத்தைகளை வருணித்தார்கள். ‘ஓமான் வளைகுடா, 156 பாகம்’ என்ற குறிப்பு இன்றும் நுண்நத்தைச் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும். மெல்வில்லின் சேகரிப்பு ஜே. ஆர். லெ பி. டாம்லினிடம் சேர்ந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் கொண்ட பெருந்தொகுதியாக வளர்ந்து, 1955-இல் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தது. பாரசீக வளைகுடா நத்தையை ஆராய்பவர் வேல்ஸுக்குப் போக வேண்டியிருப்பது இப்படித்தான் நேர்ந்தது.

அதே மெல்வில்லும் ஸ்டாண்டனும் 1898-இல் சென்னைக் கடற்கரையின் மெல்லுடலிகள் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி ஹெர்ட்மன் இலங்கை அரசுக்கு அளித்த அறிக்கையில் ஓடுகள் பற்றிய பகுதியை 1906-இல் ஸ்டாண்டனும் லெஸ்டரும் எழுதினார்கள். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆழ்கடல் மாதிரிகளை எடுத்த ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலின் நத்தைகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எட்கர் ஸ்மித் வருணித்தார். மாதிரிகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பகிரப்பட்டன. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி நெவில் 1878-இலும் 1884-இலும் வெளியிட்ட கைப்பட்டியல், சிறு ஓடுகளையும் பொறுமையாகக் கணக்கிட்ட அரிய பணி. சென்னை அரசு அருங்காட்சியகம் தன் பங்குக்கு, சென்னைக் கடற்கரை நத்தைகள் பற்றிய கிரேவ்லியின் நூலையும் (1942), குருசடைத் தீவு மெல்லுடலிகள் பற்றிய எஸ். டி. சத்தியமூர்த்தியின் நூலையும் (1952, 1956) வெளியிட்டது. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவினவே இவற்றில் பெரும்பகுதி. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளை நுண் சல்லடை கொண்டு முறையாக அரித்தால் பட்டியல் பன்மடங்கு நீளும் என்று உறுதியாக எதிர்பார்க்கலாம். வேறிடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

சல்லடையின் கண்

அரிப்பதன் நுணுக்கம் கூடியபோது கடலின் கணக்கே மாறியது. 1960-களில் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் ஹோவர்ட் சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் கடலடியின் மேல்மண்ணை வாரும் சறுக்குவலையை அமைத்து, வந்த சேற்றை 0.42 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் அலசினார்கள். வறண்ட வெளி என்று எண்ணப்பட்ட ஆழ்கடல் சேறு, சிறு விலங்குகளின் வகையில் மிகச் செழிப்பானது என்று தெரிந்தது. முந்தைய கப்பல்கள் அகன்ற கண் வலைகளால் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டவை அவை.

கரையோர வெப்பக் கடல்களில் இதே திருப்பத்தைக் கொண்டுவந்தது பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். நியூ கலிடோனியாவின் மேற்குக் கரையில் கூமாக் என்ற இடத்தில் 1993-இல் நடந்த சேகரிப்பின் முடிவை ஃபிலிப் பூஷேயும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்டார்கள். 295 சதுர கிலோமீட்டர் பரப்பில் 42 இடங்களில் எடுத்த 1,27,652 மாதிரிகளில் 2,738 மெல்லுடலிச் சிற்றினங்கள் இருந்தன. அதுவரை உலகில் அதே அளவுள்ள எந்தக் கடற்பகுதியிலும் பதிவானதைப் போல் பல மடங்கு இது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு 4.1 மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாதிரி. பாறைகளைக் கூடையில் வைத்துத் தூரிகையால் துலக்குவது, நீருக்கடியில் உறிஞ்சுகுழாய் பயன்படுத்துவது என்ற முறைகளே இந்த விளைச்சலைத் தந்தன.

பிலிப்பீன்ஸின் பாங்லாவோ தீவில் 2004-இல் நடந்த ஆய்வு, உள்ளூர் மீனவரின் ‘லுமுன்-லுமுன்’ முறையையும் சேர்த்துக்கொண்டது. பழைய வலைத்துண்டுகளைக் கட்டாகக் கட்டி, பாறைச் சரிவில் பல வாரங்கள் ஆழத்தில் விட்டுவைப்பார்கள். நுண்நத்தைகள் தாமே வந்து குடியேறும். பிறகு வலையை மேலேற்றி உதறினால் போதும். ஓடு விற்றுப் பிழைப்பவர்கள் கண்டறிந்த இந்த முறை, ஆய்வுக் கப்பல்கள் எட்டாத செங்குத்துச் சரிவுகளிலிருந்து மாதிரி தருகிறது. இதை அறிவியல் ஏற்றுக்கொண்டது மீனவரின் கடலறிவுக்குச் சேர வேண்டிய மதிப்பு.

ஆஸ்திரேலியாவில் சார்லஸ் லாசெரன் தனியாகவே ஒரு பெரும்பணி செய்தார். மாசன் தலைமையில் நடந்த அண்டார்க்டிகப் பயணத்தில் (1911-14) பங்கேற்ற இவர், 1950-களில் நுண்நத்தைக் குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். ஓடுகள் சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

குப்பியும் சீட்டும்

இவ்வளவு சிறிய பொருளைக் காப்பது தனிக்கலை. ஓக் மரப் பேழைகளில் வைத்த ஓடுகளின் மேல் வெண்ணிறப் பூப்பு படர்ந்து அவை அரிக்கப்படுவதை 1899-இல் பைன் என்பவர் விவரித்தார். அதனால் இதற்குப் பைன் நோய் என்று பெயர். அவர் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலத்தைச் சந்தேகித்தார். மரமும் அட்டையும் வெளிவிடும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் ஓட்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து உப்பாவதே காரணம் என்று 1985-இல் வேதியியல் ஆய்வு காட்டியது. பெரிய சங்கில் இது மேற்பூச்சு மங்குவதோடு நிற்கலாம். ஒரு மில்லிமீட்டர் ஓட்டில் முழுப் பொருளும் தூளாகிவிடும்.

கண்ணாடிக் குப்பியும் முழுப் பாதுகாப்பு ஆகாது. மலிவான சோடாக் கண்ணாடி காலப்போக்கில் காரத்தைக் கசியவிட, உள்ளே ஈரம் படிந்து ஓட்டின் நுண் வரிகள் அழிகின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஜெலட்டின் உறைகள் ஈரத்தில் உருக்குலைகின்றன. பூச்சிகளும் அவற்றைத் தின்னும். பழைய வழக்கப்படி பசையால் அட்டையில் ஒட்டிய ஓடுகளைப் பிரிப்பது இன்னும் கடினம். சீட்டு பிரிந்துபோன ஓடோ, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வுக்கு உதவாது.

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, உள்ளே புகுந்த விலங்கியலாளர்கள் சிலர் தூக்கிவந்தவற்றில் மெல்லுடலிகளின் வகைமாதிரிகளும் இருந்தன. எது மீண்டும் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டின் நுனியில்

அலகிடும் மின்னணு நுண்ணோக்கி 1970-களில் பரவியதும் பழைய இழுப்பறைகள் புதுப் பயன் பெற்றன. நத்தையின் ஓட்டு நுனியில் அதன் இளம்பருவ ஓடு அப்படியே நிலைத்திருக்கும். பல சிறு சுற்றுகள் கொண்ட நுனி, இளவுயிரி நீரில் மிதந்து இரைதேடி வளர்ந்ததைக் குறிக்கிறது. பருத்த, சில சுற்றுகளே உள்ள நுனி, அது கருவுணவைக் கொண்டே வளர்ந்ததைக் குறிக்கிறது. இந்தக் கருத்தை டென்மார்க்கின் குன்னர் தோர்சன் 1950-இலேயே முன்வைத்திருந்தார். நூறாண்டுக்கு முன் செத்த நத்தை எவ்வளவு தூரம் பரவக்கூடியது என்பதை வெற்று ஓட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்க இது வழி தந்தது. ஸ்கிசுரெல்லிடே போன்றவற்றைப் பற்றி சாண்டா பார்பரா அருங்காட்சியகத்தின் டேனியல் கைகர் 2012-இல் வெளியிட்ட இரு தொகுதிப் பெருநூல் இந்த நுண்ணோக்கியில் எடுத்த படங்களால் நிறைந்தது. தொடக்கத்தில் ஓட்டின் மேல் தங்கம் பூச வேண்டியிருந்தது. குறைந்த வெற்றிடத்தில் இயங்கும் கருவிகள் வந்தபின் வகைமாதிரியின் மேல் எதுவும் பூசாமலே படமெடுக்க முடிகிறது.

மரபணு ஆய்வுக்கு உடல் வேண்டும். பழைய உலர்ந்த ஓடுகளில் அது பெரும்பாலும் இல்லை. ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட உயிரியைப் பழுதின்றி வெளியே எடுக்க, வீட்டுச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடிகள் வைக்கும் முறையைப் பாரிஸ் குழு 2014-இல் வெளியிட்டது. அதனால் ஓடும் உடலும் ஒரே எண்ணின் கீழ் சேகரிப்பில் நிற்கின்றன. மிகச் சிறியவற்றில் ஓட்டை உடைப்பதைத் தவிர வழியில்லாதபோது, முதலில் படம் எடுத்துவிட்டு உடைக்கிறார்கள்.

புதிய சிற்றினம் ஒன்று சேகரிக்கப்படுவதற்கும் பெயர் பெறுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று, பல்வேறு உயிரினக் குழுக்களை எடுத்துக்கொண்ட ஒரு பாரிஸ் ஆய்வு 2012-இல் கணக்கிட்டது. கூமாக்கிலும் பாங்லாவோவிலும் அரித்த நத்தைகள் பல, குடும்பப் பெயர் மட்டும் எழுதிய சீட்டோடு, பாரிஸ் இழுப்பறைகளில் இன்னும் பெயருக்காகக் காத்திருக்கின்றன.