கண்ணெல்லையும் செவியெல்லையும்



1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை எங்கள் நானுஓயாவை வந்தடைந்தது. அன்றுதொட்டு, மூடுபனி கவிந்த காலைகளில் நிலையத்தில் நிற்போர் வண்டியைக் கண்ணாற் காணுமுன் செவியாற் கேட்கின்றனர். அது வரும் திசையையும் அறிகின்றனர். இஃது எங்ஙனம்?

இரு செவிகள் இருப்பதே காரணம். ஓசை ஒரு செவியைச் சற்று முன்னதாக அடைகிறது. அவ்வேறுபாடு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கண்களின் கதையும் இத்தகையதே. இரு கண்களும் பெறும் வெவ்வேறு காட்சிகளை இணைத்தே மனம் ஆழத்தை உணர்கிறது என்பதை 1838இல் சார்ல்ஸ் வீற்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆடிகள் பொருத்திய கருவியொன்றால் மெய்ப்பித்தார். 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமன்ட் அடேர், இரு செவிகளிலும் இரு தொலைபேசிக் குழல்களை வைத்து இசையரங்கைக் கேட்கச் செய்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனத்தார் இலங்கைத் தேயிலைத் தோட்டக் காட்சிகளையும் இரட்டைப்படங்களாக விற்றனர். கடல் கடந்த நாட்டில் வரவேற்பறையில் அமர்ந்தோர், கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கையெட்டும் தூரத்தில் நிற்பவள்போற் கண்டனர். ஆயின் அவள் குரல் அவர்க்குக் கேட்கவில்லை. கூடையின் பாரமும் தெரியவில்லை.

1968இல் ஐவன் சதர்லாண்ட் தலையிலே பொருத்தும் காட்சிக் கருவியை அமைத்தார். தலை திரும்பக் காட்சியும் திரும்பியது. இன்றைய மெய்நிகர்க் கருவிகள் அதன் வழித்தோன்றல்களே. மனிதப் பார்வை பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகை விரிந்தது. கருவிகள் பலவும் 100 பாகை அளவே காட்டுகின்றன. தலையசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் நேர்ந்தால் மயக்கம் உண்டாகலாம். செவியின் எல்லையோ நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் என்பர். அதுவும் இளமைக்குரிய அளவு. ஐம்பதைக் கடந்த என் செவிக்கு எட்டாத மெல்லிய உயரொலிகள் என் மாணவர்க்கு எட்டும்.

ஆகவே, எவருடைய கண்ணையும் செவியையும் அளவாகக் கொண்டு இக்கருவிகள் அமைகின்றன என்று நாம் கேட்டல் வேண்டும். நாளை இம்மலைநாடும் அவற்றுள் அமைக்கப்படலாம். அன்று படத்தில் ஊமையாய் நின்றவளின் கொள்ளுப்பேரர்கள் இன்று பள்ளியில் பயில்கின்றனர். அவர்கள் காட்சிப்பொருளாய் நில்லாது, காட்சியைப் படைப்போராய் உயர்தல் வேண்டும். அப்பொழுதே அக்காட்சியில் அவள் குரலும் கேட்கும்.