நரேன் ஓட்டாத லீ மான்ஸ்

ஒரு சின்ன க்விஸ்ல ஆரம்பிப்போம் மக்களே. பிரான்ஸ்ல நடக்கற லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஓட்டின முதல் இந்தியர் யாரு?

நரேன் கார்த்திகேயன்னு சொன்னவங்க கையக் கீழ போடுங்க. சரியான பதில், சென்னை கருண் சந்தோக். 2012-ல ஜேஆர்எம் அணிக்காக ஓட்டினார், கார் ஒட்டுமொத்தமா ஆறாவது வந்துச்சு. ஆனா நரேன்னு சொன்னவங்களும் சும்மா சொல்லலை. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அந்தப் பெருமை நம்ம கோயமுத்தூருக்கு வந்திருக்கணும். ஒரு தோள்பட்டை நழுவினதுல கைவிட்டுப் போச்சு. அந்தக் கதைதான் இது.

முதல்ல ஆளைப் பத்தி ரெண்டு வரி. அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், சவுத் இந்தியா ராலியை ஏழு தடவை ஜெயிச்சவர். லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்து கரிவரதன் நம்மூர்ல பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா மாருதின்னு சின்னப் பசங்களுக்கு ஒரு படிக்கட்டு போட்டுக் குடுத்த காலம் அது. அதுல ஏறி வந்தவர் நரேன். 2005-ல ஜோர்டான் அணியில ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அப்ப அந்த அணியை நடத்தினவங்கள்ல ஒருத்தர் காலின் கோலஸ். இவரு படிச்சது பல் டாக்டருக்கு! பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவார்.

2009-ல இந்தக் கோலஸ், ஆடி ஆர்10 கார் ரெண்டை வெச்சு லீ மான்ஸுக்குப் போனார். டீசல்ல ஓடி லீ மான்ஸ் ஜெயிச்ச முதல் கார் அது. 2006, 2007, 2008-ன்னு மூணு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச மாடல். 14-ம் நம்பர் காருக்கு மூணு பேர்: நரேன், ஹாலந்துக்காரர் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன், ஜெர்மனிக்காரர் ஆந்த்ரே லாட்டரர். லாட்டரருக்கும் அதுதான் முதல் லீ மான்ஸ்.

ஜூன் 13, சனிக்கிழமை. மத்தியானம் 3 மணிக்குப் பந்தயம். தகுதிச் சுற்றெல்லாம் முடிஞ்சாச்சு. கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பிட் சுவர்ல இருந்து குதிக்கும்போது நரேன் தடுக்கி விழுந்துட்டார். தோள் மூட்டு நழுவிருச்சு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணும் ஆகாத மனுஷன், நின்ன இடத்துல ஒரு சுவர்கிட்ட தோத்துட்டார்.

"வலிய பொறுத்துட்டு ஓட்டியிருக்கக் கூடாதா?"ன்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்விதானுங்க. அப்படி ஓட்டினவங்க இருக்காங்க. 1956 இத்தாலி சைக்கிள் பந்தயத்துல ஃபியோரென்சோ மாக்னின்னு ஒரு 35 வயசுக்காரர், விழுந்து காறை எலும்பை உடைச்சுக்கிட்டார். ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்க முடியலை. மெக்கானிக் ஒரு டியூபை வெட்டி ஹேண்டில்பார்ல கட்டிவிட, இன்னொரு முனைய பல்லுல கடிச்சு இழுத்துக்கிட்டே மலை ஏறினார். அந்தப் பந்தயத்துல ரெண்டாவது இடம்! அந்த ஃபோட்டோ இன்னைக்கும் பிரபலம்.

ஆனா சைக்கிள் வேற, கார் வேற. மாக்னி விழுந்தா பெரும்பாலும் மாக்னிக்குத்தான் அடி. லீ மான்ஸ்ல ஒரு கை சட்டுனு பிடி விட்டா பின்னாடி வர்றவனுக்கும் சேர்த்து ஆபத்து. தவிர, தீப்பிடிச்சா சில வினாடிக்குள்ள யார் உதவியும் இல்லாம ஓட்டுநர் வெளிய குதிக்கணும். கைய ஊனி எழ முடியாதவர் ஏறவே கூடாது. அங்க வீரம் வேலைக்கு ஆகாது.

இனி கொஞ்சம் மூட்டு விஷயம். தோள் மூட்டுங்கறது கிட்டத்தட்ட ஒரு சின்னத் தட்டு மேல பந்தை வெச்ச மாதிரி. இடுப்பு மூட்டு மாதிரி ஆழமான கிண்ணம் இல்லை. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது, அதனாலயேதான் உடம்புல இருக்கற பெரிய மூட்டுகள்லயே அதிகமா நழுவறதும் இதுதான். பெரும்பாலும் முன்பக்கமாத்தான் நழுவும். எகிப்துல மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின இபுய் கல்லறை ஓவியத்துலயே ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தோளை ஏத்தி வைக்கற மாதிரி ஒரு காட்சி உண்டு. அவ்வளவு பழைய வியாதி.

நம்மூர்ல கை இறங்கிருச்சுன்னா மொதல்ல கட்டுப் போடறவரைத் தேடி ஓடற பழக்கம் இன்னும் இருக்கு. எக்ஸ்ரே எடுக்காம இழுத்தா கூடவே எலும்பு முறிஞ்சிருக்கறது தெரியாது, அக்குள் பக்கம் போற நரம்பும் ரத்தக்குழாயும் மாட்டிக்கலாம். ஏத்தி வைக்கறது சில நிமிஷ வேலை. அப்புறம்தான் நிஜமான வேலையே ஆரம்பிக்குது. சில வாரம் தூளி, அப்புறம் மெதுவா அசைவு, அப்புறம் மூட்டைச் சுத்தி இருக்கற தசைகளுக்குப் பலம். இதுக்கு மாசக்கணக்காகும். வலி போயிருச்சுன்னு பாதியில விட்டா திரும்ப நழுவும். வயசு குறையக் குறைய அந்த ஆபத்து கூடுதல். அடிக்கடி நழுவினா ஆபரேஷன். அதுல ரெண்டு முறைக்கு டாக்டர்கள் பேரே இருக்கு: 1923-ல எழுதின இங்கிலாந்துக்காரர் பேங்கார்ட், 1954-ல எழுதின பிரெஞ்சுக்காரர் லாட்டர்ஜே.

சரி, பந்தயத்துக்கு வருவோம். மூணு பேர் பகிர்ந்துக்க வேண்டிய 24 மணி நேரத்தை ரெண்டு பேரே ஓட்டினாங்க. ஒருத்தர் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு விதி, அதனால தலைக்குப் பன்னெண்டு மணி நேரம்னு வெச்சாலும் எல்லைக்கிட்ட வந்துரும். அதுவும் மேல மூடாத கார், ராத்திரி முழுக்கக் காத்து மோதும். இருந்தும் கார் ஏழாவது வந்துச்சு! அடுத்த வருஷமே ஆடி லாட்டரரைத் தன் சொந்த அணிக்கு எடுத்துக்கிச்சு. 2011, 2012, 2014-ன்னு மூணு தடவை லீ மான்ஸ் ஜெயிச்சார். நரேன் இறங்கியிருந்தா இது நடந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேன், லாட்டரர் அசாத்தியத் திறமைசாலி. ஆனா ஒருத்தரோட காலி சீட்டு இன்னொருத்தருக்கு மேடையாகறது விளையாட்டுல சகஜம்.

நரேன் என்ன ஆனார்? இங்கதான் எனக்கு மரியாதை கூடுது. ஒன்பது மாசம் கழிச்சு, 2010 மார்ச்ல, அமெரிக்காவுல மார்ட்டின்ஸ்வில்லில நாஸ்கார் டிரக் ஓட்டி 13-வது வந்தார். 2011-ல திரும்ப ஃபார்முலா ஒன். எச்ஆர்டி அணி, நடத்தினது யாரு? அதே பல் டாக்டர் கோலஸ்! அந்த அக்டோபர்ல நொய்டாவுல நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரில 17-வது. அப்புறம் ஜப்பான் போய் சூப்பர் ஃபார்முலா, அங்க அதே லாட்டரரோட ஒரே வரிசையில மோதல். 2019 நவம்பர் 24, ஃபுஜில சூப்பர் ஜிடியும் டிடிஎம்மும் சேர்ந்து நடத்தின ரெண்டாவது பந்தயத்துல முதலிடம். வயசு 42.

லீ மான்ஸ் மட்டும் பாக்கி. 2021-ல அர்ஜுன் மைனி, நவீன் ராவோட முழு இந்திய அணியா ஆசிய லீ மான்ஸ் தொடர்ல ஓட்டினார். தொடரை ஜெயிச்சா பிரான்ஸுக்கு சீட்டு உண்டு. கிடைக்கலை.

காயம் ஆறறதுன்னா விட்ட இடம் திரும்பக் கிடைக்கறதுன்னு நாம நினைச்சுக்கறோம். தோள் சில மாசத்துல ஆறும், ஜூன் 13 திரும்ப வராது. அந்த நாளை அங்கயே விட்டுட்டு அடுத்த காருக்கு நடந்து போனதாலதான் பத்து வருஷம் கழிச்சு ஃபுஜில ஒரு கோப்பை. மாரத்தான் ஓடறவங்க, ராத்திரி முழுக்க சைக்கிள் மிதிக்கறவங்க நம்ம வட்டத்துலயே நிறைய பேர் இருக்கீங்க. தோளோ முட்டியோ போய் ஒரு பந்தயத்தை விட்டவங்க, பிசியோதெரபிய மட்டும் பாதியில விட்டுறாதீங்க. அடுத்த தடவை யாராவது அந்த க்விஸ் கேள்வியக் கேட்டா, பதிலோட இந்த அடிக்குறிப்பையும் சேத்துச் சொல்லுங்க.