பந்தய நாயும் சுவர் விரிசல் உண்ணியும்

இந்த ஞாயிறு வரலாற்றுக் குறிப்பு நாய்களைப் பற்றியது. சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1919இல் கலிபோர்னியாவின் எமெரிவில் ஊரில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர், மின்சாரத்தில் ஓடும் பொம்மை முயலைத் துரத்தும்படி கிரேஹவுண்ட் நாய்களை ஓடவிட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பந்தயம் ஃபுளோரிடாவில் வேரூன்றியது. வெப்பமான ஊர், நெருக்கமான கொட்டில்கள், ஏராளமான நாய்கள். பழுப்பு நாய் உண்ணிக்கு இதைவிட நல்ல வீடு ஏது? பல உண்ணிகள் புல்வெளியில் காத்திருக்கும். இதுவோ சுவர் விரிசலிலேயே குடித்தனம் நடத்தும். வளர்ந்து முடிப்பதற்குள் மூன்று முறை நாய்மேல் ஏறி இரத்தம் குடித்து இறங்கும்.

அது பரப்பும் நோய்களில் முக்கியமானவை இரண்டு. பபேசியா என்ற ஒருசெல் உயிரி, மலேரியாக் கிருமியைப் போலச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மருந்தின் கதை பந்தயத்துக்கு முந்தியது. 1909இல் கேம்பிரிட்ஜில் நட்டால், ஹாட்வென் இருவரும் டிரைபான் புளூ என்ற சாயத்தை ஊசியாகப் போட்டு, பபேசியா கண்ட நாய்களைப் பிழைக்க வைத்தார்கள். நாயின் தசையே நீலமாகிவிடும், ஆனால் உயிர் மிஞ்சும். மறு ஆண்டே நம் சென்னை இந்தக் கதைக்குள் வருகிறது. மெட்ராஸ் ஹன்ட் என்ற வெள்ளையர் வேட்டைக் குழுவின் நாய்களிலும் நரிகளிலும் பபேசியாவின் புதிய இனம் ஒன்றைக் கண்டதாக பேட்டன் 1910இல் எழுதினார். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி.

எர்லிக்கியா 1935இல் அல்ஜீரியாவில் அடையாளம் காணப்பட்டது. உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968 முதல் வியட்நாமில் அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டுகள் மூக்கில் இரத்தம் வடிந்து, 150க்கும் மேல் மாண்ட பிறகுதான் தீவிர ஆராய்ச்சி தொடங்கியது. டெட்ராசைக்ளின் கைகொடுத்தது. பின்னர் அதன் உறவான டாக்ஸிசைக்ளின் அந்த இடத்தைப் பிடித்தது.

ஃபுளோரிடா கிரேஹவுண்டுகளைச் சோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதி நாய்களின் இரத்தத்தில் பபேசியாவுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் இருந்தது. வெளிப்பார்வைக்கு நோயே தெரியாமல் கிருமியைச் சுமக்கும் நாய்கள் உண்டு. இதில் ஓர் ஆபத்து. கிரேஹவுண்டுக்குச் சிவப்பணுக்கள் அதிகம், குணமும் சாது. அதனால் ஓய்வுபெற்ற பந்தய நாய்களை இரத்த தானத்துக்கு விரும்பி எடுத்தார்கள். சோதிக்காமல் எடுத்தால், காப்பாற்றப் போன இரத்தமே நோயைக் கொண்டுபோகும்.

இன்னொரு சிக்கல் பிளேட்லெட். டெங்கு வந்த பிறகு நம் வீடுகளில் தெரியாதவர் இல்லாத சொல். எர்லிக்கியா வந்தால் அது குறையும். ஆனால் கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே குறைவு! இது தெரியாதவர் நல்ல நாய்க்கு மருந்து கொடுப்பார். "இந்த இனமே அப்படித்தான்" என்று சொல்பவரோ நோயுற்ற நாயைக் கைவிடுவார். எண்ணை மட்டும் பார்க்காமல், அது யாருடைய எண் என்றும் பார்க்க வேண்டும்.

இன்று எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். பந்தய நாய்களின் பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒன்று. சென்னையில் கண்ட கிப்சோனி மட்டும் அந்த ஊசிக்குச் சரியாக அடங்காது, அதற்கு வேறு கூட்டு மருந்து. கொட்டிலின் விரிசல்களைச் சுத்தம் செய்யாவிட்டால் எந்த மருந்தும் வீண்.

2018இல் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து, 2020 இறுதியோடு அங்கே பந்தயம் நின்றது. நாய்கள் வீடுகளுக்குப் போயின. மறைந்திருக்கும் கிருமி பந்தயம் முடிந்ததென்று ஓய்வெடுக்காது.

நம் வீட்டு நாட்டு நாயின் காதோரத்தில் இருப்பதும் அதே வகை உண்ணிதான். நாய் இரண்டு நாள் சோறு தொடாவிட்டால், ஈறு வெளுத்தால், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 28 நாள் மாத்திரை கொடுத்தால், ஐந்தாம் நாள் வாலாட்டிவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விலங்கியல் ஆசிரியர்