பியோரியாவின் வழக்கறிஞர்

நம் இயக்கத்தார் இல்லங்களிலே இங்கர்சால் என்று பெயரிடப்பட்ட பிள்ளைகள் பலர். பெயரை அறிவோம், அன்னாரின் தொழில் என்ன என்று கேட்டால், "பேச்சாளர்" என்போம். பாதி விடைதான் அது. ராபர்ட் கிரீன் இங்கர்சால் ஒரு வழக்கறிஞர். சிற்றூர்களிலே தொழில் தொடங்கி வளர்ந்த வழக்கறிஞர்.

1833இல் நியூயார்க் மாநிலத்து டிரெஸ்டன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை மதபோதகர். சபைக்குச் சபை, ஊருக்கு ஊர் மாறிய குடும்பம் அது. பிள்ளை கல்லூரி காணவில்லை. பள்ளி ஆசிரியராகச் சில நாள் உழைத்து, சட்டநூல் பயின்று, 1854இல் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞரானார். ஒகையோ ஆற்றங்கரைச் சிற்றூரான ஷானிடவுனில் அண்ணன் எபனோடு சேர்ந்து தொழில் நடத்தினார். 1857இல் சகோதரர் இருவரும் பியோரியாவுக்குக் குடிபெயர்ந்தனர்.

உள்நாட்டுப் போர் மூண்டது. வழக்கறிஞர் குதிரைப்படையின் கர்னலானார். ஷைலோ களம் கண்டார். 1862 டிசம்பரில் எதிரிகளிடம் சிறைப்பட்டு, பின்னர் விடுபட்டார். போர் முடிந்தபின், 1867இல், இல்லினாய் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் பதவி அவரைத் தேடி வந்தது. வயது முப்பத்து நான்குகூட நிரம்பவில்லை!

அடுத்த படி கவர்னர் பதவி. 1868இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நிற்க விழைந்தார். ஆற்றல் உண்டு, நாவன்மை உண்டு, போர்க்களப் புகழும் உண்டு. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று: மதத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்து. அதை மறைத்துக்கொண்டால் போதும் என்றனர் கட்சியினர். கைவிடச் சொல்லவில்லை, கவனியுங்கள், மறைக்கத்தான் சொன்னார்கள். நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்று வாழப் பழகியோருக்கு இது மிக எளிய நிபந்தனை. இங்கர்சால் மறுத்தார். ஜான் பால்மர் வேட்பாளரானார், கவர்னருமானார். தேர்தல் பதவி எதுவும் அதன்பின் இங்கர்சாலுக்குக் கிட்டவில்லை.

அவர் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. அஞ்சல் குத்தகை ஊழல் வழக்கிலே, 1882-83இல், பெரும்புள்ளிகளுக்காக வாதாடினார். விடுதலையும் வாங்கித் தந்தார். அவரைப் போற்றுவோர் அந்த வழக்கை விரைவாகக் கடந்து செல்வதுண்டு. நாம் அப்படிச் செய்யத் தேவையில்லை.

ஆனால் பிரடெரிக் டக்ளஸ் எழுதிவைத்த செய்தியையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அடிமையாய்ப் பிறந்து, நீக்ரோ மக்களின் தலைவராய் உயர்ந்தவர் டக்ளஸ். பியோரியாவிலே ஒருமுறை விடுதியில் இடமில்லை என்று விரட்டப்பட்டு, கடுங்குளிரில் இரவெல்லாம் தெருவில் நடந்தவர். மீண்டும் அவ்வூருக்குப் போக நேர்ந்தபோது, எங்கே தங்குவது என்று கலங்கினார். "எந்த நேரமானாலும் இங்கர்சால் வீட்டுக் கதவு திறக்கும்" என்றார் நண்பர் ஒருவர். அன்றிரவு நல்ல விடுதியே கிடைத்துவிட்டது. ஆயினும் மறுநாள் காலை அந்த "நாத்திகனை"க் காணவே சென்றார் டக்ளஸ். அன்பான வரவேற்பு கிட்டியது. 1883இல், நீக்ரோக்களுக்குப் பொது இடங்களில் சமவுரிமை தந்த சட்டத்தைத் தலைமை நீதிமன்றம் செல்லாதென்றபோது, வாஷிங்டன் கண்டனக் கூட்டத்தில் இருவரும் ஒரே மேடையில் பேசினர்.

1887 மே மாதம். மாரிஸ்டவுன், நியூஜெர்சி. குற்றவாளிக் கூண்டிலே ரெனால்ட்ஸ், முன்னாள் மதபோதகர். பூண்டன் என்னும் ஊரில் கூடாரமடித்துப் பகுத்தறிவு பேசினார். கூட்டம் கூடாரத்தின் கயிறுகளை அறுத்தெறிந்தது. துண்டுநூல் அச்சிட்டு மாரிஸ்டவுனில் வழங்கினார். கயிறறுத்தவர்கள் வெளியே, பேசியவர் கூண்டிலே! தெய்வ நிந்தனையாம். நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சட்டத்தைத் தட்டி எழுப்பியிருந்தார்கள்.

கூலி வாங்காமல் வந்தார் இங்கர்சால். மாநில அரசியல் சட்டமே பேச்சுரிமை அளித்திருக்க, அதற்கு முரணான பழஞ்சட்டம் எப்படிச் செல்லும் என்று கேட்டார். மணிக்கணக்கில் வாதாடினார். எதிரே இருந்த ஜூரிகள் ஊர்க்காரர்கள். ஆகவே கெஞ்சவுமில்லை, இகழவுமில்லை. உங்கள் மதம் சிறுபான்மையாய் இருக்கும் நாட்டில் நீங்கள் எந்த உரிமையைக் கேட்பீர்களோ, அதையே இவருக்குத் தாருங்கள் என்னும் போக்கிலே பேசினார்.

ஜூரிகள் குற்றவாளி என்றனர். அபராதம் 25 டாலர். செலவுத் தொகையோடு 75 டாலர். அத்தொகையைத் தம் பையிலிருந்தே எடுத்துக் கட்டினார் வழக்கறிஞர்.