ஜாஸ் பியானோவில் யார் பெரியவர்? டேட்டம், பவல், மொங்க்: ஓர் அறிமுகம்

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஓர் ஆவணப்படத்துக்குப் பின்னணி இசை தேடியபோதுதான் ஜாஸ் எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து நண்பர் ஒருவரோடு ஒரு வாக்குவாதம் தொடர்கிறது: ஜாஸ் பியானோவில் யார் பெரியவர்? அவர் ஆர்ட் டேட்டம் என்பார். நான் தெலோனியஸ் மொங்க் என்பேன்.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இசை. தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, அதன் மேல் அந்தக் கணத்திலேயே புதிதாகக் கட்டி வாசிப்பதுதான் அதன் உயிர். கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் ஓர் இராகத்தை விரித்து வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

டேட்டத்தின் வேகம்

1909இல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்தவர் டேட்டம். சிறுவயதிலிருந்தே ஏறத்தாழப் பார்வையற்றவர். 1933இல் அவர் பதிவு செய்த ‘டைகர் ராக்’கைக் கேட்டால் இருவர் சேர்ந்து வாசிப்பதாகவே தோன்றும். வாசிப்பவர் ஒருவர்தான். அலங்காரம் அதிகம், பாடலே அதற்குள் மறைந்துவிடுகிறது என்பது அவர் மீதான பழைய குற்றச்சாட்டு. பல தடவை கேட்டால்தான், அந்த வேகத்துக்கு அடியில் பாடலின் சுரக்கூட்டுகளையே அவர் மாற்றி அடுக்கியிருப்பது தெரியும். 1956இல் காலமானார்.

பவலின் வலது கை

பட் பவல் 1924இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் பிறந்தார். சார்லி பார்க்கரும் டிஸி கிலெஸ்பியும் வளர்த்த ‘பீபொப்’ பாணியைப் பியானோவில் நிலைநிறுத்தியவர் அவரே. இடது கை சுருக்கமாகத் தட்ட, வலது கை சாக்ஸபோன் போல நீண்ட வரிகளை இழுத்துச் செல்லும். பின்வந்த பெரும்பாலான ஜாஸ் பியானோக் கலைஞர்கள் இந்த வழியில்தான் நடந்தார்கள்.

1945இல், பிலடெல்பியாவில் பொலிஸார் அவரைத் தலையில் தாக்கினார்கள். பின்னர் மனநல வைத்தியசாலைகளில் மாதக்கணக்காகத் தங்கவைக்கப்பட்டு, மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கும் உட்படுத்தப்பட்டார். 1951இல் பதிவான ‘அன் போகோ லோகோ’ அதற்குப் பிறகு வந்தது. 1966இல், 41 வயதில் இறந்தார்.

மொங்கின் மௌனம்

1917இல் வட கரோலினாவில் பிறந்த மொங்க், விரல்களைத் தட்டையாக நீட்டி வாசிப்பார். அருகருகே உள்ள கட்டைகளைச் சேர்த்து அழுத்துவார். எதிர்பார்க்கும் இடத்தில் சுரம் வராது, இடைவெளி வரும். இவருக்கு வாசிக்கவே தெரியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

1951 ஓகஸ்டில், அவரும் பவலும் இருந்த காரில் பொலிஸார் போதைப்பொருளைக் கண்டெடுத்தனர். அது பவலுடையது என்றே பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மொங்க் நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிறைக்குப் போனார். மது விற்கும் விடுதிகளில் வாசிக்க அக்காலத்தில் நியூயோர்க் பொலிஸார் வழங்கிய அனுமதி அட்டையையும் இழந்தார். 1957 வரை சொந்த நகரின் விடுதிகளில் அவரால் சுதந்திரமாக வாசிக்க முடியவில்லை. ‘பாஸ்’ என்ற சொல்லின் பாரம் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அட்டை திரும்பக் கிடைத்ததும் ‘ஃபைவ் ஸ்பொட்’ விடுதியில் ஜோன் கொல்ட்ரேனோடு மாதக்கணக்காக வாசித்தார். 1964 பெப்ரவரியில் ‘டைம்’ சஞ்சிகை அவரை அட்டைப்படத்தில் போட்டது. 1982இல் காலமானார்.

எதைக் கொண்டு அளப்பது?

“நல்ல மனிதர் என்பதற்காக நல்ல கலைஞர் என்று சொல்ல முடியாது” என்பார் நண்பர். அது சரிதான். பவலுக்கு நடந்த கொடுமையும் அவரது இசைக்குப் புள்ளி போடும் காரணம் ஆகாது. பட்ட துன்பத்தைச் சொல்லி எங்கள் கலைஞர்களைப் புகழும்போதும், அவர்கள் செய்த வேலையைப் பேச மறந்துவிடுகிறோம்.

ஆகவே வேலையை மட்டும் வைத்தே சொல்கிறேன். டேட்டத்தைப் போல வாசிக்க முயன்றவர்கள் உண்டு, பவலைப் பின்பற்றியவர்கள் ஏராளம். மொங்கோ இரண்டு சுரங்களிலேயே அடையாளம் தெரிந்துவிடுவார். இது என் தீர்ப்பு. நண்பர் இன்னும் ஏற்கவில்லை.

அந்தக் கலைஞர்களோ ஒருவரையொருவர் கொண்டாடினார்கள். மொங்க் 1947இல் பவலுக்காக ‘இன் வோக்ட் பட்’ பதிவு செய்தார். 1961இல் பாரிஸில் பவல், மொங்கின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டுக்காக வாசித்தார். புதிதாகக் கேட்பவர்கள் இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம். டேட்டத்தைப் பிறகு கேளுங்கள். என் கட்சி தோற்றாலும் பரவாயில்லை.