வெடிக்காத இரு கைத்துப்பாக்கிகள்

1835ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள். வாஷிங்டன் நகரில், கேப்பிட்டல் என்னும் நாடாளுமன்ற மாளிகையில், காலமான உறுப்பினர் ஒருவரின் இறுதிச் சடங்கு முடிந்து பலரும் வெளியே வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன். வயது 67, கையில் ஊன்றுகோல். 1806இல் நிகழ்ந்த தனிப்போரில் பாய்ந்த குண்டு அன்றும் அவருடைய மார்பினுள் தங்கியிருந்தது.

அப்போது ரிச்சர்டு லாரன்சு என்னும் வண்ணம் பூசும் தொழிலாளி எதிர்ப்பட்டான். சில அடித் தொலைவிலிருந்து விசையை இழுத்தான். ஓசை கேட்டது, குண்டு புறப்படவில்லை. இரண்டாவது துப்பாக்கியை நீட்டினான். அதுவும் அவ்வாறே ஓசையோடு நின்றது. முதியவர் ஊன்றுகோலை ஓங்கிக்கொண்டு அவன்மீது பாய்ந்தார்! சூழ்ந்திருந்தோர் அவனைப் பிடித்தனர்.

பின்னர் அவ்விரு துப்பாக்கிகளிலும் மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பழுதின்றி வெடித்தன. அவ்வளவுதான், நாடெங்கும் பேச்சு பல்கியது. இறைவன் திருவருள் என்றனர் சிலர். எதிர்க்கட்சியினரின் சதி என்று ஜாக்சனே ஐயுற்றார். அவரே ஆடிய நாடகம் என்று கூறியவர்களும் உண்டு. லாரன்சோ, தன்னை இங்கிலாந்தின் அரசன் என்று நம்பிய மனநோயாளி. அறங்கூறுவோர் சில நிமிடங்களிலேயே அவன் சித்தம் கலங்கியவன் என்று தீர்ப்பளித்தனர். 1861இல் இறக்கும்வரை மனநோய் விடுதிகளிலேயே அவன் வாழ்நாள் கழிந்தது.

விடை துப்பாக்கியில் இல்லை, மருந்தில் இருந்தது என்பதே என் கருத்து. பழைய துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழும். அப்பொறியின் ஒளி கண்டு பறவைகள் பறந்துவிடுவதால் சலிப்புற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் பார்சைத் என்பவர், அடிபட்டவுடன் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே செம்பு மூடி. நம் சிறுவர் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டு வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரன்சின் துப்பாக்கிகளில் இந்த மூடிகள் வெடித்தன. ஆனால் அந்நெருப்பு ஒரு சிறு துளை வழியே சென்று குழலிலுள்ள கருமருந்தை எட்ட வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அம்மருந்து ஈரத்தை ஈர்க்கும். அன்றோ ஈரம் மிகுந்த நாள். நமத்துப்போன பட்டாசின் கதையே அங்கும் நடந்தது எனலாம்.

இரண்டும் பழுதாவது 1,25,000இல் ஒரு முறையே நிகழும் என்று ஒரு கணக்கு நெடுங்காலமாக வழங்குகிறது. நிகழ்தகவுப் பாடம் நடத்துகையில் இதை மாணவர்களிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளுக்கே அப்படிப் பெருக்க இயலும். ஒரே கை, ஒரே நாள், ஒரே ஈரக்காற்று என்றால், முதலாவது கெட்ட காரணமே இரண்டாவதையும் கெடுத்திருக்கும் அல்லவா?

பித்தளைக் கூட்டுக்குள் மருந்தை அடைத்த தோட்டா வந்தபின் ஈரத்தின் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆயினும் குறிபார்க்கும் பயிற்சிக்குரிய சிறு தோட்டாவில், பற்றவைக்கும் பொருள் அடிவிளிம்பைச் சுற்றிப் பரவியிருக்கும். அது ஓரிடத்தில் குறைந்தாலும், அவ்விடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியிலோ, விசை குறைந்த தோட்டாவானால் வெற்றுக்கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். ஆகவே, தேர்ந்த போட்டியாளர் பலவகைத் தோட்டாக்களைத் தம் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதைத் தேர்கின்றனர். விலை மிகுந்ததே எல்லாத் துப்பாக்கிக்கும் ஏற்றதென்பதில்லை.

ஒரு முறை மாணவர் படைப் பயிற்சிக்கு என் பள்ளிப் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். ஒருவனுடைய துப்பாக்கி வெடிக்கவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்க்க முயன்றான். “அசையாதே, குழல் குறியை நோக்கியே இருக்கட்டும்!” என்று பயிற்சியாளர் அதட்டினார். சற்றுத் தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டாம். அரை நிமிடம் அனைவரும் மூச்சடக்கி நின்றோம். பிறகு அவரே தோட்டாவை வெளியே எடுத்துப் பையனின் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில் ஊசி பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.